என் பேரில் ஒரு பாஸ்

முதன்முதலாக வேலைக்குச் சேரப் போன அன்று எனக்கு ஐந்து வருட அனுபவம் இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்னது. ஐந்து வருடமும் ஒரே கம்பெனியில், நடுவில் ஒரு மாதம்கூட விடாமல். அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பி.காம். முடித்து இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தேன். தெருவில் யார் கேட்டாலும் ‘சும்மாதான் இருக்கேன்’ என்று சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போயிருந்தது. சும்மா இருந்தவள் எப்படி வேலையும் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு இன்றைக்கும் முழுதாக விளங்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். விளங்கிய மட்டும் எழுதுகிறேன்.

அந்த ஹோட்டல் குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் இருந்தது. புதுக் கட்டடம். சாரல் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ரிசப்ஷனுக்கு ஆள் எடுத்தார்கள். எடுப்பது சும்மா இல்லை, ஒரு அரசாங்கத் திட்டத்தின் கீழ். முதல்முறையாக வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கான திட்டம் அது. மூன்று மாதப் பயிற்சி இலவசம். முடித்து வேலையில் சேர்ந்தால் சேர்ந்தவருக்கு ஒரு தொகை, சேர்த்துக்கொண்ட முதலாளிக்கு ஒரு தொகை. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: அதற்கு முன்னால் எங்கேயும் வேலை பார்த்திருக்கக் கூடாது.

தென்காசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் பயிற்சி நடந்தது. சேருகிற அன்றைக்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘இதற்கு முன் வேலை பார்த்ததுண்டா?’ என்று கேட்டு, ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். இந்தக் கேள்வியை அதற்குள் எத்தனையோ படிவங்களில் பார்த்திருந்தேன். இல்லை என்பதில் டிக் அடித்தேன். யோசிக்கக்கூட இல்லை.

பயிற்சியில் துண்டு மடிப்பது முதல் கோபத்தில் வருகிற விருந்தாளியிடம் எப்படித் தலையாட்டுவது என்பது வரை சொல்லிக்கொடுத்தார்கள். ஒருநாள் கை குலுக்கப் பழக்கினார் பயிற்சியாளர். மதுரைக்காரர். என் கையைப் பிடித்ததும், “கட்டைவிரல்ல என்ன இப்படிக் காய்ப்பு?” என்றார். நான், “தையல் சார்” என்றேன். அடுத்தவளிடம் கேட்டார். அவளும் தையல் என்றாள். எங்கள் பேட்சில் பதினொரு பெண்கள். ஏழு பேருக்குத் தையல். மனிதர் நம்பிவிட்டார். இந்த ஊரில் இத்தனை தையல்காரிகளா என்று ஆச்சரியப்பட்டார்.

அது பீடிக் கத்தரி போட்ட காய்ப்பு. பீடி இலையைத் தகட்டை வைத்து அளவாக வெட்டி வெட்டி வருவது. ஏழு பேருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியும். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கல்லூரிக்குப் போகிற காலத்திலேயே நாங்கள் இதில் தேர்ந்திருந்தோம். காலையில் எலுமிச்சைத் தோலால் விரல் நுனியைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். புகையிலைத் தூள் வாடை அப்படியும் லேசாக இருக்கும். பக்கத்தில் உட்காருகிறவள் மூக்கைத் தூக்கினால் எனக்கு உயிரே போய்விடும்.

இப்படியாகப் பயிற்சி முடிந்து, ஹோட்டலில் நேர்முகமும் முடிந்து, ‘செலக்டட்’ என்று சொல்லிவிட்டார்கள். மீதி இருந்தது பி.எஃப். நம்பர் போடுகிற சடங்கு மட்டும். ஆபீஸ் அறையில் என் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து என் ஆதார் எண்ணைத் தட்டினாள். தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கு ஆல்ரெடி நம்பர் இருக்கே?”

“எனக்கா?”

“உங்க பேரு, அப்பா பேரு, பிறந்த தேதி எல்லாம் சரியா இருக்கு. போன மாசம்கூடப் பணம் கட்டியிருக்காங்க.”

“யாரு கட்டியிருக்காங்க?”

“நீங்க வேலை பாக்குற கம்பெனிதான்.”

அவள் மானிட்டரைத் திருப்பிக் காட்டினாள். கம்பெனியின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு நொடி பிடிபடவில்லை. அப்புறம் பார்த்தால், எங்கள் வீட்டில் இலைச் சாக்கின் மேல் அச்சடித்திருக்கிற பெயர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய காலத்தில் நான் கூட்டிப் படித்த பெயர்களில் அதுவும் ஒன்று. அதற்குக் கீழே நான் வேலையில் சேர்ந்த தேதி இருந்தது. எனக்குப் பதினெட்டு முடிந்த மறுவாரம்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் அவள் பேரில் பீடிக் கம்பெனியில் ஒரு பாஸ் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பாஸ் என்றால் போட்டோ ஒட்டின ஒரு சின்னப் புத்தகம். அது இருந்தால்தான் கம்பெனியின் பீடிக்கடையில் இலையும் தூளும் தருவார்கள். சுற்றிக் கொண்டுபோய்ப் போட்டால் அதில் பதிவார்கள். பி.எஃப். பிடிப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், பிள்ளை என்ன படித்திருக்கிறாள் என்று கேட்டுவிட்டு அடுத்த மூச்சில், பாஸ் இருக்கா என்றும் கேட்பதுண்டு. என் அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு பாஸ் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. அக்கா கல்யாணத்துக்காக அதை முடித்துப் பணத்தை எடுத்துவிட்டாள். திரும்பக் கேட்டபோது, அந்த வயதில் புதுப் பாஸ் கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு என்றால் தருவோம் என்றார்கள். வீட்டில் பதினெட்டு வயதுப் பிள்ளையாக நான் இருந்தேன்.

கோயில் கோபுரத்துக்கு எதிரே ஒரு ஸ்டுடியோவுக்கு அம்மா என்னைக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுத்தாள். ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள். கல்லூரியில் சேர்ந்த புதிது, எனக்கு வேறு நினைப்பு. போட்டேன். அதற்கப்புறம் அந்தப் பாஸை நான் அம்மாவுடையது என்றே நினைத்திருந்தேன். ரேஷன் கார்டு யார் பேரில் இருக்கிறது என்று எந்தப் பிள்ளை யோசிக்கிறது?

“அப்ப நீங்க ஃப்ரெஷர் இல்லையே” என்றாள் அந்தப் பெண். குற்றம் சொல்கிற குரல் இல்லை. அவளுக்கே குழப்பமாக இருந்தது. “ஸ்கீம்ல உங்களைப் போட முடியாது. சென்டர்ல பேசிட்டு வாங்க.”

பயிற்சி மையத்தில் ஒருங்கிணைப்பாளர் அண்ணன் என் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இல்லை என்ற கட்டத்தில் இருந்த என் டிக்கையே பார்த்தார். “பொய் சொல்லிட்டியேம்மா. இது டிக்ளரேஷன். என் தலையில்ல உருளும்?” என்றார். பிறகு அவரே இறங்கிவந்து வழியும் சொன்னார். என் பேரில் வேறு ஆள் சுற்றினார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால், மேலே பேசி அந்தப் பழைய கணக்கையே தப்பு என்று நீக்கச் சொல்லலாம். அப்போது நான் மறுபடி வேலை பார்க்காதவள் ஆகிவிடுவேன்.

“அந்த வேற ஆளுக்கு என்ன ஆகும் அண்ணே?”

“அது கம்பெனி பாத்துக்கிடும்” என்றார் அவர்.

வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கும் போனேன். பிளஸ் டூ முடித்ததும் அங்கே பதிந்து வைத்திருந்தேன். கவுன்டரில் இருந்த பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நீ வேலையில இருக்கியா, இல்லையா? அதச் சொல்லு முதல்ல” என்றார். நியாயமான கேள்வி. பின்னால் வரிசையில் நின்ற பையன் உச்சுக்கொட்டினான். “யோசிச்சிட்டு வா தாயி” என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. ஏன் என்றால், எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதினால் அதுவும் பொய். கல்லூரியிலிருந்து வந்து தினமும் சாயந்தரம் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து சுற்றியிருக்கிறேன். இலை வெட்டியிருக்கிறேன், தலை மடக்கியிருக்கிறேன், கட்டுக் கட்டியிருக்கிறேன். பரீட்சை நேரத்தில் மட்டும் அம்மா, “நீ படிட்டி, நான் பாத்துக்கிடுதேன்” என்பாள். தட்டில் சேர்ந்த பீடியில் பாதி என்னுடையதா, கால்வாசியா? என் பீடி கொஞ்சம் தளர்வாக இருக்கும் என்று அம்மா சொல்வாள். கடையில் தரம் பார்க்கிற செக்கர் கழித்துப் போடுவதில் பெரும்பாலும் நான் சுற்றியதுதான். அப்படியானால் அந்த ஐந்து வருடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன். இல்லை என்று டிக் அடித்ததுதான் பொய். அதை ஏன் அவ்வளவு சுலபமாக அடித்தேன் என்றும் எனக்குத் தெரியும். எலுமிச்சைத் தோலுக்குத் தெரிந்த காரணம்தான் அது.

இன்னொன்றும் என்னைக் குடைந்தது. தையல்காரிகள் ஏழு பேரில் மற்ற ஆறு பேரும் என்னைவிட அதிகமாகச் சுற்றினவர்கள். பாஸ் இல்லாமல், அல்லது அவரவர் அம்மா பாஸில் சுற்றினவர்கள். ஒருத்தி ஆறு வருடமாகப் பகல் முழுக்க அதுவேதான். அவர்கள் எல்லாரும் ஹோட்டலிலும் ஜவுளிக்கடையிலும் திட்டத்தின் கீழ் பிரமாதமாகச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் வேலையே பார்க்காதவர்கள். பாதி சுற்றின நான் மட்டும் அனுபவசாலி. அந்த ஆறு வருடக்காரியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பிறகு எதற்குக் கோபம் என்று தெரியவில்லை.

மறுநாள் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டில் இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றில், பீடி சுற்றியது நான்தான் என்று எழுதினேன். இன்னொன்றில், நான் இல்லை என்று எழுதினேன். இரண்டையும் படித்துப் பார்த்தேன். இரண்டும் நன்றாக வந்திருந்தன. பஸ் போய் நின்றபோது எதைக் கொடுப்பது என்று முடிவாகாமல் நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

ஹோட்டல் மேனேஜர் செங்கோட்டைக்காரர். கேரளத்தில் நெடுநாள் இருந்து வந்தவர், பேச்சில் பாதி மலையாளம் இருக்கும். நான் திக்கித் திணறிச் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, “சாரமில்ல, போட்டும்” என்று, பரவாயில்லை என்பதுபோலக் கையை வீசினார். “ஸ்கீம் காசு வரல்லேன்னா வேண்டா. சீசன் வருது, எனக்கு ஆள் வேணும். நீங்க நல்லா பேசுறீங்க. ஆனா ஒரு காரியம். ரெண்டு எடத்துல ஒரே சமயம் உங்க பேரு நிக்கக் கூடாது. அங்கன முடிச்சிட்டு ஒண்ணாம் தேதி வாங்க.”

நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. மெயின் அருவிப் பக்கம் நடந்தேன். பாறை காய்ந்து கிடந்தது, ஓரமாக மட்டும் ஒரு நூல் தண்ணீர். அங்கே நின்றபோதுதான் மேனேஜர் சொன்னதன் அர்த்தம் ஏறியது. அங்கே முடிப்பது என்றால் பாஸை முடிப்பது. பாஸ் முடிந்தால் அம்மாவுக்கு இலை கிடையாது. எனக்கு வேலை கிடைக்க, என் பேரில் வேலை பார்க்கிற அம்மாவை நான் வேலையிலிருந்து நிறுத்த வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டே கேட்டாள். கை நிற்கவில்லை.

“அப்ப பாஸ முடிக்கணும். அவ்ளோதான?” என்றாள்.

“அவ்ளோதானா? நீ என்னம்மா செய்வ?”

“என்ன செய்வேன். சும்மா இருப்பேன்.”

எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. “உன்ன யாரு என் பேர்ல எடுக்கச் சொன்னா? இப்ப நான் வேலை பாத்தேனா இல்லையான்னே எனக்குத் தெரியல. எல்லாரும் கேக்காங்க, நான் முழிச்சிட்டு நிக்கேன்.”

“உன் பேர்ல எடுத்தா பி.எஃப். பணம் உனக்குத்தான சேருது. கல்யாணத்துக்கு ஆவும்லா.”

“நான் படிச்சி வேலைக்குப் போவேன்னு உனக்குத் தோணவே இல்லையா?”

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “தோணுச்சு. அக்காவ நெனச்சுப் பாத்தேன். அவளுந்தான் படிச்சா. வேலை வரும்னு யாருட்டி கண்டா?” என்றாள்.

அப்பா புனலூரில் ஒரு மரக்கடையில் இருந்தார், மாதம் ஒரு தடவை வருவார். போனில் கேட்டோம். “உங்க அம்மா என்ன சொல்லுதா?” என்றார். அம்மா சரி என்கிறாள் என்றேன். “அப்ப சரி” என்றார். எல்லாரும் சரி என்றார்கள். எனக்கு மட்டும் சரியாக இல்லை. இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை என்றேன், மறுபடி போகிறேன் என்றேன். மூன்றாம் நாள் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு, “வாட்டி, கடைக்குப் போவோம்” என்று கிளம்பிவிட்டாள்.

பீடிக்கடை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு நீளமான ஹால். பெண்கள் கூடையும் கையுமாக வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை அண்ணாச்சி முதுகுக்குப் பின்னால் ஃபேனை வைத்துக்கொண்டு மேஜையில் இருந்தார். நான் அந்த ஹாலுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. ஐந்து வருடமாக வேலை பார்த்த இடத்துக்கு முதல் தடவையாக அன்று வந்தேன். அண்ணாச்சிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அம்மா, “இவதான் அண்ணாச்சி” என்றதும், பாஸில் இருந்த போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நல்ல வேலையா பாப்பா?”

“ஹோட்டல்ல ரிசப்ஷன்.”

“நல்லதுதான். ஆனா பாத்துக்கோ, முடிச்சா முடிச்சதுதான். திருப்பித் தர மாட்டாவ. இப்பல்லாம் புதுசும் தாரதில்ல.” இதை என்னிடம்தான் சொன்னார், ஆனால் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.

“முடிங்க அண்ணாச்சி” என்றாள் அம்மா.

அவர் ஒரு படிவத்தை எடுத்தார். பெயர், நம்பர், சேர்ந்த தேதி எல்லாம் அவரே எழுதினார். ஒரு இடத்தில் பேனா நின்றது. “வேலைய விடுத காரணம்னு கேக்கான். என்ன எழுத?”

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: “வேலை கெடைச்சிட்டுன்னு எழுதுங்க.”

அண்ணாச்சி சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை, அப்படியே எழுதினார். பிறகு படிவத்தை என் பக்கம் தள்ளினார். “இங்கன ஒரு கையெழுத்து.”

போட்டேன். கல்லூரியில் பழகின கையெழுத்து, ஆங்கிலத்தில், கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு பின்னால் போய்ச் சுழித்து வரும். அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, சம்பள ரிஜிஸ்தரைத் திறந்து பக்கத்தில் வைத்தார். வாராவாரம் போட்ட கையெழுத்துகள் வரிசையாக இறங்கின. தமிழில் என் பெயர். குண்டு குண்டான எழுத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக. கடைசி எழுத்தின் வால் மட்டும் பீடியின் தலையை மடக்குவதுபோல உள்ளே மடங்கியிருந்தது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவள் என் பெயரை எழுதி நான் பார்த்ததே இல்லை.

“இது பொருந்தலையே” என்றார் அண்ணாச்சி மெதுவாக. “மேல ஆபீஸ்ல வச்சிப் பாப்பாவ. பொருந்தலைன்னா திருப்பி அனுப்பிருவாவ. அப்புறம் ஒண்ணாம் தேதி, ரெண்டாம் தேதின்னு இழுக்கும்.”

ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். ரிஜிஸ்தரைப் பார்த்து அதுபோலப் போட்டுப் பழகினேன். மூன்று தடவை எழுதினேன். மூன்றிலும் வால் மடங்க மாட்டேன் என்றது. எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடியது. வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். என் பெயரைப் போட எனக்குத் தெரியவில்லை. அங்கே நின்று அழுதுவிடுவேன் என்று பயந்தேன்.

அம்மா கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். “தாங்க அண்ணாச்சி” என்றாள்.

அண்ணாச்சி வேறொரு படிவத்தை எடுத்துத் திரும்ப எல்லாவற்றையும் எழுதி, காரணத்தையும் எழுதி, மேஜையில் வைத்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார். அம்மா குனிந்து என் பெயரைப் போட்டாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, வாரம் தவறாமல் ஐந்து வருடம் போட்டவளுக்கு இருக்கிற நிதானத்தில். கடைசி எழுத்தில் வாலை மடக்கிவிட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தாள்.

அண்ணாச்சி பாஸிலிருந்து போட்டோவைப் பிய்த்து அம்மாவிடம் நீட்டினார். அவள் அதைப் பார்க்காமலே ஜாக்கெட்டுக்குள் இருந்த பர்ஸில் வைத்துக்கொண்டாள். வெளியே வந்து மார்க்கெட் முனை வரை நடந்தோம். ரோட்டைக் கடக்க நிற்கும்போது அம்மா சொன்னாள்: “இனிமே உன் பேர நீயே எழுதிக்கிடு.”

கூடையில் அன்றைக்கு இலையும் இல்லை, தூளும் இல்லை. அவள் அதை வழக்கம்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தாள்.